ஆலோசகரின் உரைநடை

இலக்கியம் வாசிக்கும் நண்பர்களிடையே மேலாண்மை ஆலோசனை என்னும் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு எதிர்வினைகளே கிடைக்கின்றன. கோட்டும் டையும் அணிந்த இளைஞர்கள் பெரிய கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பெரும்பணம் வாங்கும் வேலை, நாம் அக்கறை கொள்ள அதில் என்ன இருக்கிறது என்ற ஒதுக்கல் ஒன்று. நம் கைக்கடிகாரத்தையே வாங்கிப் பார்த்து நமக்கு மணி சொல்லிவிட்டுக் கூலியும் கேட்பவர்கள் என்ற பழைய வேடிக்கைப் பேச்சு மற்றொன்று. இரண்டுமே அத்தொழிலின் மையத்தைத் தொடுவதில்லை என்று எனக்குப் படுகிறது. ஆலோசனைத் தொழில் அடிப்படையில் ஓர் எழுத்துத் தொழில். அது உற்பத்தி செய்து விற்பது வாக்கியங்களை. கணக்கும் வரைபடமும் அவ்வாக்கியங்களைத் தாங்கும் தூண்கள் மட்டுமே. ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நம்மைப் போன்ற வாசகர்களுக்கும் உரிமை உண்டு. கடமையும் உண்டு என்பேன்.

கடமை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் காலத்தில் ஓர் ஆலை மூடப்படுவதோ, இரண்டு வங்கிக் கிளைகள் ஒன்றாக்கப்படுவதோ, ஓர் அரசுத்துறை தன் பணிகளை ஒப்பந்தத்துக்கு விடுவதோ பெரும்பாலும் முதலில் ஒரு ஸ்லைடின் தலைப்பு வாக்கியமாகத்தான் நிகழ்கிறது. அதன் பிறகே அது ஊரில் நிகழ்கிறது. நாவலை விடவும் கவிதையை விடவும் அதிகமான வாழ்க்கைகளை மாற்றியமைக்கும் ஓர் எழுத்து வகை நம் கண்ணெதிரே வளர்ந்து நிற்கிறது. அதற்கு விமர்சன மரபு என்று ஒன்று நம்மிடம் இல்லை.

2018ஆம் ஆண்டுக் கோடையில், மேலாண்மைப் பள்ளி மாணவனாக, மும்பையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எட்டு வாரங்கள் பயிற்சி பெற்றேன். அந்த எழுத்து எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை உள்ளிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. அந்த அனுபவத்தின் பலத்தில் சில கருத்துக்களைச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

முதலில் இந்தப் பயிற்சி என்ன என்று சொல்லிவிட வேண்டும். இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதல் இரண்டும், கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும், 1961இல் தொடங்கப்பட்டவை. முன்னது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியின் துணையோடும், பின்னது ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் துணையோடும் உருவாயின. இரண்டாண்டுப் படிப்பு. முதலாண்டு முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் அனைவரும் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் பணியாற்ற வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து வந்த ஏற்பாடு இது. பயிற்சி முடியும்போது நிறுவனத்துக்குப் பிடித்துப் போனால் படிப்பு முடிந்தபின் சேரலாம் என்ற வேலை அழைப்பு அப்போதே கையில் கிடைத்துவிடும். அதை மாணவர்கள் ‘பி.பி.ஓ.’ என்பார்கள். எட்டு வாரமும் அந்த மூன்று எழுத்துக்களைச் சுற்றியே நடக்கிறது.

இதற்கான தேர்வு, மாணவர் கல்லூரிக்குள் நுழைந்த நான்கைந்து மாதங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஜூனில் பெட்டி படுக்கையோடு வந்தவர் நவம்பருக்குள் நேர்காணலை முடித்திருப்பார். அதற்குள் அவர் மேலாண்மையில் பெரிதாக எதையும் கற்றிருக்க இயலாது. ஆனால் நேர்காணலுக்குக் கற்றிருப்பார். சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்பனையாகிறது என்று கேட்பார்கள். சரியான எண் யாருக்கும் தேவையில்லை. மக்கள்தொகையில் தொடங்கி, குடும்பங்களாகப் பிரித்து, வெளியில் சாப்பிடுவோர் எத்தனை பங்கு என்று அனுமானித்து, தடுமாறாமல் ஓர் எண்ணுக்கு வந்து சேர வேண்டும். பிறகு ஒரு கம்பெனியின் லாபம் குறைந்துவிட்டது, ஏன் என்று கண்டுபிடி என்பார்கள். அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். விடுதி அறைகளில் இரவிரவாக இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் கேட்பவராகவும் ஒருவர் விடை சொல்பவராகவும் மாறி மாறிப் பயிற்சி செய்வார்கள்.

பழைய புலவர் அவைகளில் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள் என்று படித்திருக்கிறோம். காளமேகத்தின் பெயரில் அத்தகைய கதைகள் ஏராளம். கடைசி அடி முன்பே தீர்மானமாகிவிட்டது. மேலே உள்ள மூன்று அடிகளை தளை தட்டாமல் அமைப்பதுதான் திறமை. நேர்காணலுக்குத் தயாராகும்போதும் பின்னர் பயிற்சியின்போதும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்த அவைதான். ஆலோசகர்கள் தம் முறைக்குக் கருதுகோள் வழிச் சிந்தனை என்று பெயர் சொல்வார்கள். முதல் வாரத்திலேயே விடையை ஊகித்து எழுதிவிட வேண்டும். மீதி வாரங்களில் அவ்விடைக்கான ஆதாரத்தைத் தேட வேண்டும். ஆதாரம் எதிராக வந்தால் விடையை மாற்ற வேண்டும் என்பது விதி. விதி நேர்மையானதுதான். ஆனால் தேடலின் திசையை விடைதான் வகுத்துக் கொடுக்கிறது என்பதால், எதிரான ஆதாரம் கண்ணில் படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்று சொல்ல முடியாது.

*

இவ்வெழுத்து முறைக்கு இலக்கணம் வகுத்தவர் ஒரு பெண். பார்பரா மின்ட்டோ 1963இல் மெக்கின்ஸி நிறுவனத்தில் சேர்ந்தார். ஆலோசகர்கள் எழுதும் அறிக்கைகள் குழப்பமாக இருப்பதற்குக் காரணம் மொழிக்குறை என்பதை விடச் சிந்தனை ஒழுங்கின்மையே என்று கண்டுகொண்டு, பிரமிட் முறை என்ற ஒன்றை உருவாக்கினார். முடிவை உச்சியில் வை. அதைத் தாங்கும் காரணங்களை அதற்குக் கீழே வை. ஒவ்வொரு காரணத்துக்கும் அடியில் அதன் சான்றுகளை வை. ஒரே தளத்தில் உள்ளவை ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. எதுவும் விடுபட்டும் போகக்கூடாது.

நன்னூலின் பாயிரத்தைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அது பட்டியலிடுகிறது. மின்ட்டோவின் விதிகளில் பாதி அப்பட்டியலுக்குள் அடங்கிவிடும். நியாயமாகச் சொல்வதானால், எழுதுவது பற்றி அந்த எட்டு வாரங்களில் நான் கற்றுக்கொண்டதை அதற்கு முன் எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ‘விற்பனை நிலவரம்’ என்று தலைப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிலவரம் என்ன என்று சொல் என்பார்கள். தலைப்பை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒரு கதை கிடைக்க வேண்டும். ஒரு வரைபடம் தன் தலைப்பை நிரூபிக்கவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிவிட வேண்டும். தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் கணிசமானவை இந்தப் பரிசோதனைக்கு நிற்காது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிற்றிதழ்க் கட்டுரைகளும் விதிவிலக்கல்ல.

ஆக, அந்த உரைநடை மோசமானது என்பது என் வாதமல்ல. அது மிக நல்ல உரைநடை. அந்த நேர்த்தியினாலேயே அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது கண்ணில் படாமல் போகிறது.

*

எங்கள் குழுவுக்கு அந்தக் கோடையில் தரப்பட்ட வேலையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் இது விளங்கும். சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருட்கள் விற்கும் ஒரு கம்பெனி. அதன் டிப்போக்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய கம்பெனிகள் ஏறக்குறைய மாநிலத்துக்கு ஒரு டிப்போ என்று வைத்திருந்ததற்குப் பூகோளம் காரணமல்ல, வரிதான் காரணம். மாநில எல்லையைத் தாண்டிப் பொருளை விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. 2008க்குப் பிறகு அது 2 சதவீதம். வாங்கியவர் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரு கம்பெனி தன் சரக்கைத் தன்னுடைய இன்னொரு மாநிலக் கிடங்குக்கே அனுப்பினால் அது விற்பனை ஆகாது; அந்த வரியும் கிடையாது. எனவே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கிடங்கு, அதை நடத்த ஒரு சி. அண்ட் எஃப். ஏஜெண்ட், அங்கிருந்து உள்ளூர் விற்பனை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் இந்த ஏற்பாட்டின் அவசியம் ஒரே நாளில் போய்விட்டது. எல்லை தாண்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பிறகு டிப்போ எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தூரமும் லாரி வாடகையும் தீர்மானித்தால் போதும். நாடு முழுவதும் கம்பெனிகள் தங்கள் கிடங்குகளை எண்ணத் தொடங்கின. ஆலோசனை நிறுவனங்களுக்கு அது நல்ல அறுவடைக்காலம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி மத்திய இந்தியா. எக்ஸெல் தாளில் சுமார் பத்து நாட்களில் விடை வந்துவிட்டது. ராய்ப்பூர் டிப்போவை மூடிவிட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாக்பூரிலிருந்தே சத்தீஸ்கருக்குச் சரக்கு அனுப்பலாம். வாடகை மிச்சம், இருப்பு மிச்சம், ஏஜெண்டின் கமிஷன் மிச்சம். லாரிச் செலவு சற்றுக் கூடும். கூட்டிக் கழித்தால் லாபம். விடை எழுதப்பட்ட பிறகு, களத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டும் என்று என்னை ராய்ப்பூருக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள்.

அங்கே பார்த்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, கிடங்கின் மேற்பார்வையாளர் வைத்திருந்த ஒரு நீள நோட்டு. கம்ப்யூட்டரில் ஏறாத கணக்கு அதில் இருந்தது. சத்தீஸ்கர் நெல் விளையும் நாடு. அரசுக் கொள்முதல் தொடங்கி உழவர் கைக்குப் பணம் வருவது பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி. அந்தப் பணம் சிற்றூர்க் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து மொத்த வியாபாரிக்கு வந்து சேர வேண்டும். அதுவரை எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் பொறுக்கலாம், யாருடைய வாக்கை நம்பலாம் என்பது அந்த நோட்டில் இருந்தது. கம்பெனியின் விதிப்படி கடன் கிடையாது. ஏஜெண்ட் தன் சொந்தப் பொறுப்பில் கொடுத்துக்கொண்டிருந்தார். டிப்போ நாக்பூருக்குப் போனால் அந்தக் கடனும் போய்விடும். பஸ்தர் பக்கத்துச் சிறு வியாபாரிகள் பலர் அந்தக் கடனில்தான் மழைக்காலத்தைத் தாண்டினார்கள்.

மற்றொன்று, அங்கே பெட்டி சுமந்த ஹமால்கள். பெட்டிக் கணக்கில் கூலி. அவர்களில் சிலர் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாக அதே கிடங்கில் இருந்தவர்கள். எங்கள் எக்ஸெல் தாளில் அவர்களுக்கு ஒரு வரிசைகூட இல்லை. யாரும் திட்டமிட்டு நீக்கவில்லை. அவர்கள் கம்பெனியின் ஊழியர்கள் அல்லர். ஏஜெண்டின் ஊழியர்களும் சட்டப்படி அல்லர். பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஏஜெண்டுக்குக் கொடுக்கும் கமிஷனுக்குள் அவர்களுடைய கூலி கரைந்து கிடந்தது. கமிஷன் மிச்சம் என்று நாங்கள் எழுதிய வாக்கியத்தில் அவர்கள் இருந்தார்கள். யார் படித்தாலும் தெரியாதபடி இருந்தார்கள்.

திரும்பி வந்து இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி என் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், நிதானமானவர். முழுக்கப் படித்தார். பிறகு கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இது எந்த ஸ்லைடுக்கு ஆதாரம்?” எந்த ஸ்லைடுக்கும் ஆதாரமாகவில்லை. பிரமிட்டில் அதற்கு இடம் இல்லை. வியாபாரிகளின் கடன் மட்டும் ‘இடைக்கால விற்பனைச் சரிவுக்கு வாய்ப்பு’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிப் பின்னிணைப்பில் சேர்ந்தது. ஹமால்கள் பின்னிணைப்பிலும் வரவில்லை. கம்பெனியின் இயக்குநர்கள் முன் அறிக்கை வைக்கப்பட்ட அன்று பின்னிணைப்பு திறக்கப்படவில்லை. பின்னிணைப்புகள் பொதுவாகத் திறக்கப்படுவதில்லை.

எங்கள் பரிந்துரை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு சதவீத வரிக்காக நாடெங்கும் கட்டிப்போட்ட கிடங்குகள் ஒரு பெரும் வீண்செலவு. அது போனதில் நாட்டுக்கு நன்மையே. கம்பெனி அந்த டிப்போவை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வாதாட என்னிடம் இன்றும் காரணம் இல்லை. நான் கேட்பது வேறு. சரியான முடிவாகவே இருக்கட்டும், அதன் விலை யாரால் கொடுக்கப்படுகிறது என்பது முடிவெடுப்பவர் கண்ணில் ஒரு முறையாவது பட வேண்டாமா? தெரிந்து எடுக்கும் முடிவு வேறு, தெரியாமல் எடுக்கும் முடிவு வேறு. வியாபாரிகளுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்திருக்கலாம். சுமைக்காரர்களுக்கு ஒரு தொகையை ஏஜெண்டிடம் பேசி ஒதுக்கியிருக்கலாம். மிச்சமாகும் பணத்தில் அது மிகச் சிறிய பங்கு. கேள்வியே எழாததால் விடையும் எழவில்லை.

*

இது அந்த ஒரு குழுவின் குறை என்றால் எழுத வேண்டிய அவசியமில்லை. இத்தொழிலின் முதல் கதையிலேயே இது இருக்கிறது.

மேலாண்மைக்கு அறிவியல் என்று பெயர் சூட்டிய ஃபிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒரு தொழிலாளியின் கதை வருகிறது. ஷ்மிட் என்று பெயர் மாற்றி எழுதுகிறார். அவருடைய இயற்பெயர் ஹென்றி நோல். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்துகொண்டிருந்தவரை முறைப்படி இயக்கி நாற்பத்தேழு டன்னுக்கு மேல் சுமக்க வைத்ததாகவும், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாகவும் சொல்கிறார். பிற்கால ஆய்வாளர்கள் ஆலை ஆவணங்களோடு ஒப்பிட்டு, அக்கதையில் பல இடங்கள் உண்மையோடு பொருந்தவில்லை என்று காட்டிவிட்டார்கள். அதை விடவும் ஒரு வாசகனுக்கு முக்கியமானது அந்தப் பிரதிக்குள்ளேயே இருக்கிறது. இந்த வேலைக்குப் பொருத்தமானவன் எருதைப் போல மந்தமான அறிவுள்ளவனாக இருக்க வேண்டும் என்கிறார் டெய்லர். அதே ஷ்மிட், வேலைக்குப் போகும் முன்பும் திரும்பிய பின்பும் தனக்கென்று ஒரு சிறு வீட்டின் சுவர்களைத் தானே எழுப்பிக்கொண்டிருந்தார் என்றும் அதே நூலில் சொல்கிறார். தன் கையால் வீடு கட்டுபவன் எப்படி எருதாவான்? அந்த இரு செய்திகளுக்கும் இடையிலுள்ள முரணை டெய்லர் கவனிக்கவே இல்லை. ஒரு நல்ல வாசகன் முதல் வாசிப்பிலேயே கவனித்துவிடுவான்.

அடுத்த கதை, பெயர் பெற்ற நிறுவனத்தின் நிறுவனரைப் பற்றியது. ஜேம்ஸ் மெக்கின்ஸி சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். 1926இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்ஷல் ஃபீல்ட் என்ற சிகாகோவின் பெரும் அங்காடி நிறுவனம் அவரிடம் ஆலோசனை கேட்டது. ஆலோசனை பிடித்துப்போய், நீங்களே வந்து நிறைவேற்றுங்கள் என்று 1935இல் அவரையே தலைவராக்கியது. மொத்த வியாபாரப் பிரிவை மூடினார். ஏராளமானோர் வேலையிழந்தார்கள். எதிர்ப்பும் கசப்பும் அவரைச் சூழ்ந்தன. 1937இல், 48 வயதில், நிமோனியாவில் இறந்துபோனார். தான் எழுதிய வாக்கியங்களுக்கு உள்ளேயே போய் வாழ நேர்ந்த ஆலோசகர் அவர். அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் பெரும்பாலும் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. பொறுப்பு என்பது எப்போதாவது நீதிமன்ற வாசல் வழியாகத்தான் திரும்பி வருகிறது. வலிநிவாரணி மாத்திரைகளின் விற்பனையைப் பெருக்க மருந்து நிறுவனங்களுக்கு யோசனை சொன்ன விவகாரத்தில், அமெரிக்க மாநிலங்களோடு 57.3 கோடி டாலருக்கு 2021இல் மெக்கின்ஸி உடன்பாடு செய்துகொண்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசோடு மேலும் 65 கோடி டாலர்.

ஸ்லைடு என்ற வடிவம் செய்யக்கூடியதற்கு மிகத் துயரமான சான்று ஆலோசனைத் தொழிலுக்கு வெளியே கிடைக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறி, ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்தார்கள். ஓடம் கிளம்பியபோது நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. அதன் ஆபத்தைப் பற்றிப் பொறியாளர்கள் தயாரித்த ஸ்லைடுகளை விசாரணைக் குழு பின்னர் ஆராய்ந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதியதாகக் கணிக்கப்பட்ட துண்டு 1920 கன அங்குலம். அறுநூறு மடங்குக்கும் அதிகம். அந்தச் செய்தி ஸ்லைடின் அடிமட்டத்தில், உட்பிரிவின் உட்பிரிவாக, மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. தலைப்போ நிம்மதியளிப்பதாக இருந்தது. எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு ஸ்லைடை வரிவரியாகப் பகுத்துக் காட்டியதைக் குழுவின் அறிக்கையே எடுத்தாண்டிருக்கிறது. ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்கும் விமர்சகனின் வேலைக்கு எவ்வளவு பயன் உண்டு என்பதற்கு இதை விட வேறென்ன சான்று வேண்டும்?

*

இனி மாணவருக்கு வருகிறேன். இந்தப் பயிற்சிக்குப் போகும் இளைஞர்களைக் குறை சொல்வது எளிது; அநியாயமும்கூட. இரண்டாண்டுப் படிப்புக்கு இருபது லட்சத்தைத் தாண்டும் கட்டணம். பலர் வங்கிக் கடனில் படிக்கிறவர்கள். அப்பா ஓய்வு பெறப்போகிறார், தங்கைக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்ற கணக்கோடு வருகிறவர்கள். அவர்களிடம் போய், எட்டாவது வாரத்தில் இயக்குநர்கள் முன் எழுந்து நின்று சுமைக்காரர்களைப் பற்றிப் பேசு என்று சொல்வதற்கு நமக்கு அருகதை இல்லை. தனிமனித அறத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவது நம் இலக்கியச் சூழலின் பழைய பழக்கம். அமைப்பு கேட்காத கேள்வியை ஓர் இருபத்திரண்டு வயது இளைஞன் தன் வேலையைப் பணயம் வைத்துக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட, அமைப்பையே அக்கேள்வியைக் கேட்க வைப்பது நடைமுறைக்கு உகந்தது.

ஆனால் அந்த எட்டு வாரம் அவர்களுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பேசாமல் இருக்க முடியாது. தெரியாது என்ற சொல் அங்கே மெல்ல மெல்ல நாக்கிலிருந்து உதிர்கிறது. இரண்டு நாள் பார்த்த ஊரைப் பற்றி இருபது ஆண்டு வாழ்ந்தவரின் உறுதியோடு பேசக் குரல் பழகிக்கொள்கிறது. செயப்பாட்டு வினை ஒரு தங்குமிடமாகிவிடுகிறது. எண்ணிக்கை சீரமைக்கப்படுகிறது, செலவு நெறிப்படுத்தப்படுகிறது. சீரமைப்பவர் யார், சீரமைக்கப்படுபவர் யார் என்று எழுவாயைத் தேடினால் கிடைக்காது. ஸ்லைடின் அடியில் ‘மூலம்: நேர்காணல்கள், குழுவின் பகுப்பாய்வு’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ராய்ப்பூர் மேற்பார்வையாளர் தன் நோட்டைத் திறந்துவைத்து இரண்டு நாள் பேசியது முழுவதும் அந்த ‘நேர்காணல்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டது.

நாவலாசிரியனும் பிறருக்காகப் பேசுகிறவன்தானே, அவனும் கற்பிதம் செய்கிறவன்தானே என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். உண்மை. ஆனால் நாவல் தன் கூற்றை ஒரே முடிவாகச் சுருக்கி நீட்டுவதில்லை. நாவல் தவறிப்போனால் எந்தக் கிடங்கும் மூடப்படுவதும் இல்லை. அறிக்கை பின்னிணைப்புக்குத் தள்ளுவதைத்தான் நாவல் தன் நடுப்பக்கங்களில் வைக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதிகமாக வேண்டும் என்பதே என் ஆசை.

நடைமுறையில் செய்யக்கூடியவை என்று மூன்றைச் சொல்வேன். முதலாவது, களப்பயணம் விடைக்கு முன்னால் வர வேண்டும். எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரமாவது மாணவர் கிடங்கிலோ கடையிலோ ஆலையிலோ இருக்கட்டும். ஸ்லைடு தயாரிப்பதையும் எண்களை வரைபடமாக்குவதையும் இன்று செயற்கை அறிவுக் கருவிகள் நிமிடங்களில் செய்துவிடுகின்றன. மாணவர் இரவு இரண்டு மணி வரை விழித்து அதைச் செய்ய வேண்டிய தேவை குறைந்துகொண்டே வருகிறது. போய் நின்று, பார்த்து, கேட்டுவிட்டு வருவது மட்டும்தான் மனிதருக்கு மிஞ்சப்போகிற வேலை என்றால், பயிற்சியும் அதிலிருந்தே தொடங்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அறிக்கையிலும், பின்னிணைப்பில் அல்லாமல் முதல் ஐந்து பக்கங்களுக்குள், நம் கணக்கில் ஏறாதவர்கள் யார் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். ஒன்றும் விடுபடக்கூடாது என்பது மின்ட்டோவின் விதி. அதை மனிதர்களுக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது, மேலாண்மைப் பள்ளிகள் செய்யக்கூடியது. பயிற்சிக்குப் போன மாணவரை இரண்டாமாண்டின் இறுதியில், தன் பரிந்துரையால் பாதிக்கப்பட்ட அதே இடத்துக்கு மறுபடி அனுப்பி, என்ன நடந்தது என்று பத்துப் பக்கம் தொடர்ச்சியான உரைநடையில் எழுதச் சொல்லலாம். புள்ளிகளாகப் பிரிக்காமல், முழு வாக்கியங்களில், எழுவாயோடு. இன்றைய ஏற்பாட்டில் திரும்பிப் போவதற்கு என்று எந்தக் கட்டமும் கிடையாது. கம்பெனி அதற்குப் பணம் கொடுப்பதில்லை, நிறுவனம் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. கல்லூரி மட்டுமே கொடுக்க முடியும். நூறு மாணவர்கள் போனால் ஐம்பது பேர் எழுதுவது சம்பிரதாயமாகத்தான் இருக்கும். மீதி ஐம்பதிலிருந்து நம் நாட்டின் தொழில் வாழ்க்கையைப் பற்றி இதுவரை கிடைக்காத ஓர் ஆவணத் தொகுப்பு கிடைக்கும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அரசுக் குழுக்களின் அறிக்கைகள், நகரத் திட்டங்கள், பொதுத்துறை மறுசீரமைப்பு ஆவணங்கள் எனப் பல இன்று பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு சிறுகதைத் தொகுப்பை வாசிக்கும் அதே கவனத்தோடு வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள், யாருடைய பெயர் இல்லை, எந்த வாக்கியத்தில் எழுவாய் மறைந்திருக்கிறது, சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றி ஒரு மதிப்புரை எழுதுங்கள். பின்னிணைப்பைத் திறந்து படிக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், எழுதுகிறவர்களும் அதில் எதைத் தள்ளுகிறோம் என்று ஒரு கணம் யோசிப்பார்கள்.